ஒரு அடி பின்னுக்குப் போன எல்லோருக்கும்

ஆரையம்பதியில் எங்கள் பள்ளிக்கூட ஒழுங்கையால் போய்வருகிற எல்லோருக்கும் வணக்கம்.

பெற்றோர் குழுவின் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவள் நான். அதனால் ஒழுங்கையில் நடைபாதை போட உதவியவர்களுக்கு நன்றி எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. இதில் யாருடைய பேரையும் போடவில்லை. பேர் போட்டால் மறுகா உங்களோடு கதைக்க மாட்டேன் என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். மிச்ச ஆட்களின் பேரை மட்டும் போட்டால் அது வேறு வில்லங்கம். ஆள் யாரென்று ஊருக்குத் தெரியும், அது போதும்.

முதல் நன்றி உயர்தரம் படித்த ஒரு பொடியனுக்கு. முந்திய மாரியில் அந்த ஒழுங்கை எப்படிக் கிடந்தது என்று மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிரதான வீதியிலிருந்து வாசல் வரை 400 மீற்றர்கூட வராது. ஒரு பக்கம் முழுக்கக் கான், மழைத் தண்ணீர் ஓடுகிற வடிகால். அதன் மேல் போட்ட கொங்கிறீட் மூடிகளில் பாதி உடைந்து போயிருந்தது, சிலது இருந்த இடமே தெரியாது. வெயில் நாளில் பார்த்து நடக்கலாம். கார்த்திகையில் மழை இறங்கினால் ரோட்டும் கானும் ஒரே மட்டம், ஒரே தண்ணீர். பிள்ளைகள் அதற்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். குடையை மடக்கி, நுனியால் தண்ணீருக்குள் குத்திக் குத்தி நடப்பார்கள். மூடி இருந்தால் 'டொக்' என்று கேட்கும். இல்லாவிட்டால் குடை பிடிவரைக்கும் இறங்கும். கொட்டுகிற மழையில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைகிற பிள்ளைகளைப் பார்த்து, இதென்ன குறும்பு என்றுதான் நானும் ஏசியிருக்கிறேன்.

அன்று என் சின்ன மகன் குடையை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். தரம் 4. இடுப்பளவுக்கு இறங்கினான். முழங்காலுக்குக் கீழே உடைந்த மூடியின் கம்பி கிழித்து 5 தையல். ஒரு சப்பாத்து இன்றைக்கும் கானுக்குள்தான் கிடக்கிறது. அவனைத் தூக்கி எடுத்து, ஓட்டோவை மறித்து ஏற்றிவிட்டு, சேற்றுக் காற்சட்டையோடே போய்த் தவணைப் பரீட்சை எழுதினான் அந்தப் பொடியன். தம்பி, அன்று உனக்குச் சரியாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் பயம் கானோடு நிற்கவில்லை. கானுக்குப் பயந்து ரோட்டுக்கு ஏறினால் அங்கே வாகனம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் என்று சுற்றிவந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதி ஊரின் நடுவால் போகிறது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கத்து வாகனமும் இந்தப் பக்கத்தால்தான் ஏறுகிறது. பாலத்தைக் குறை சொல்லவில்லை. 'பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்த காலத்தில் எத்தனை ஆசிரியர்கள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போக ஏலாமல் கரையில் நின்றார்கள் என்று எங்கள் அம்மாவைக் கேட்டால் ஒரு பகல் முழுக்கச் சொல்லுவா. ஆனாலும் காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மண் ஏற்றிய டிப்பரும், பஸ்ஸும், வேனும், நம்முடைய மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாக வந்தால் நடக்கிற பிள்ளைக்கு இடம் ஏது? குடியிருப்புப் பகுதியில் 50 கிலோமீற்றர்தான் வேகம், ஓட்டோவுக்கு 40. சட்டத்துக்குள்ளேயே 50 இல் வருகிறவரும், பிள்ளை குறுக்கே வந்ததைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி எடுத்தால், அந்த ஒரு நொடியில் வாகனம் 14 மீற்றர் ஓடிவிடும். 30 இல் வந்தால் 8 மீற்றர். இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டிய கணித ஆசிரியருக்கும் நன்றி. அந்தக் கூட்டத்தில் அதுவரை வாயைத் திறக்காத அப்பாமார் அதற்குப் பிறகுதான் கதைத்தார்கள்.

மறுகா கடிதம். ஒரே கடிதத்தில் மூடி, நடைபாதை, கடவை, வேகத்தடை, லயிட் எல்லாம் கேட்டு எழுதினோம். அது எட்டு மாதம் பயணம் போனது. இங்கே கொடுத்தால் அங்கே போ, அங்கே போனால் அது நாங்கள் இல்லை. ஒரு இடத்தில் எங்கள் கடிதமே இல்லை என்றார்கள், பிறகு வேறு கோப்புக்குள்ளிருந்து தேநீர்க் கறையோடு வந்தது. எந்தக் காரியாலயம் என்று எழுதப் போவதில்லை, கோபம் தீர்ந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டியது அதே காரியாலயத்தில் மூலை மேசையில் இருந்த ஒரு தங்கச்சிக்கு. மூன்றாம் தரம் போனபோது எங்களை இருத்தி, "அக்கா, ஒரு கடிதத்தில ரெண்டு ஆட்கள்ட வேலையக் கேட்டா அது ஒரு மேசையிலயும் நிக்காது" என்றா. ஏ, பீ என்று தரம் போட்ட வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சீ, டீ மாகாணத்துக்கு, மிச்ச உள்வீதிகள் உள்ளூராட்சி சபைக்கு என்று ஒரு துண்டில் எழுதித் தந்தா. அன்றிரவே கடிதத்தை இரண்டாகப் பிரித்தோம். பிரதான வீதிக் கடவைக்கு ஒன்று, ஒழுங்கைக்கு ஒன்று. அதற்குப் பிறகு கோப்பு நடக்கத் தொடங்கியது. அந்தத் துண்டு இன்னும் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

அனுமதி வந்தது, கொஞ்சப் பொருளும் வந்தது, மிச்சத்தை நீங்கள் பாருங்கள் என்றார்கள். இரண்டு பிள்ளைகள் குடையோடு விலகிப் போவதென்றால் 5 அடி வேண்டும். கான் மூடி 3 அடி. ரோட்டோரம் ஒரு அடி தேறும். இன்னும் ஒரு அடி காணாது. ரோட்டை நெருக்கினால் இரண்டு வாகனம் விலகாது. ஆகவே வேலியும் கடையும்தான் பின்னுக்குப் போகவேண்டும். சில இடங்களில் அது சட்டப்படி வீதியின் நிலம்தான். வழக்குப் பேசி எடுத்திருக்கலாம், ஆனால் தீர்ப்பு வரும்போது இந்தப் பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்டிருப்பார்கள்.

வளைவில் இருக்கிற வயதான பெத்தாவிடம்தான் முதலில் போனோம். பயந்துகொண்டுதான். பூவரசங் கதியால் போட்ட பழைய வேலி, உள்ளே செவ்வரத்தை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டா. "புள்ளையள் நடக்கத்தானே கேக்கிறீங்க, எடுங்க. செவ்வரத்தையில மட்டும் கை வெக்கப்படாது. மறுகா நான் மனுசியா இருக்கமாட்டன்." கை வைக்கவில்லை. அந்த இடத்தில் நடைபாதை ஒரு சாண் வளைந்து போகிறது, கவனித்திருப்பீர்கள். பார்த்தவர்கள் மேசன் கயிறு பிடிக்கத் தெரியாதவன் என்று நினைக்கவேண்டாம். பிள்ளைகள் போகிற போக்கில் பூப் பறிக்கிறார்கள் என்று இப்போது பெத்தாவுக்கு வேறு முறைப்பாடு. சரஸ்வதி பூசைக்கு மட்டும் கேட்டு எடுங்கள் பிள்ளைகளே.

பெத்தா எடுத்ததைப் பார்த்து அடுத்த மூன்று வளவும் எடுத்தன. ஒரு மதிலை மட்டும் உடைக்கவில்லை. உடை என்று கேட்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை, புது மதில். அந்த இடத்தில் பாதை 4 அடிதான். ஆனால் அந்த வீட்டுக்காரர் தன் கேட்டுக்கு முன்னால் போட்டிருந்த சீமெந்துச் சரிவைத் தானே ஆள் பிடித்து உடைத்து உள்ளே எடுத்துவிட்டார். அதற்கு நன்றி.

பலசரக்குக் கடை முதலாளி சந்தோஷமாகப் பின்னுக்குப் போனார் என்று எழுதினால் அவரே சிரிப்பார். பிளாஸ்ரிக் வாளி, தும்புத்தடி, காஸ் சிலிண்டர், தேங்காய்க் குவியல் எல்லாம் வெளியேதான் யாபாரம். உள்ளே வைத்தால் சனம் காணாது என்பது அவருடைய நியாயம், அதுவும் பொய் இல்லை. இரண்டு கிழமை ஏசினார். ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் முன் தட்டியைக் கழற்றி ஒன்றரை அடி உள்ளே பூட்டிக்கொண்டு நிற்கிறார். நாங்கள் வாயைத் திறக்குமுன், "ஒண்டும் சொல்லாதீங்க, போங்க" என்றார். அண்ணன், இப்போது சொல்லிவிட்டேன்.

வேன்காரருக்கும் ஓட்டோத் தம்பிமாருக்கும் நன்றி சொல்லுமுன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசலில் நெரிசல் வேனால் மட்டும் வரவில்லை. என்னைப்போல ஸ்கூட்டியில் பிள்ளையை வகுப்பறைக்குள்ளேயே இறக்கிவிடுவோம் என்று நிற்கிற அம்மாமாரும் அப்பாமாரும்தான் பாதி. நிறுத்திய வேனுக்குப் பின்னாலிருந்து குறுக்கே ஓடுகிற பிள்ளையை எந்தச் சாரதியும் காண மாட்டார். பிள்ளை வேனின் கண்ணாடி உயரம்கூட இல்லை. இப்போது வேன், ஓட்டோ, ஸ்கூட்டி எல்லாம் அரசமரத்தடியில் இறக்கம், அதிலிருந்து நடை. எனக்கு முதல் கிழமை மனம் கேட்கவில்லை, பின்னால் பின்னால் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போனேன். மகன்தான் "அம்மா, எல்லாரும் பாக்காங்க" என்று திருப்பி அனுப்பினான்.

காத்தான்குடி ஹார்ட்வெயார் கடைக் காக்காவுக்கும் நன்றி. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் சீமெந்துப் பைகளைக் கடனுக்குத் தந்தார், அந்தக் கடனைக் கட்டி முடித்தோம். கடைசி 10 பைக்கு நான் எத்தனை தரம் கேட்டும் பில் வரவில்லை. "பில் தந்தா நீங்க காசு கொண்டு வருவீங்க தங்கச்சி" என்றார். கணக்குப் புத்தகத்தில் அந்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'காக்கா' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

மேசன்மார் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். பாதிக் கூலி. மூத்தவரிடம், கடல் பக்கத்தில்தானே, மண்ணை அங்கேயே அள்ளலாமே என்று நான்தான் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கடல் மண்ணின் உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் தின்னும், கம்பி துருப்பிடித்து ஊதினால் மூடி வெடிக்கும், உங்கள் மகனைக் கிழித்தது அப்படி வெளியே வந்த கம்பிதான் என்றார். ஆற்று மண்தான் வந்தது. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று சீமெந்து, மண், முக்கால் இஞ்சிக் கல்லு. வார்த்த மூடிகளை ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் காயவிடாமல் வைத்திருக்கவேண்டும் என்றார். அந்த ஏழு நாளும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிய தரம் 9 பெட்டைகளுக்கும் பொடியன்களுக்கும் நன்றி. மூடிக்கு ஊற்றியதைவிட ஒருவர் மேல் ஒருவர் ஊற்றியது கூட என்று அதிபர் சேர் சொன்னார்.

நடைபாதையை ரோட்டைவிட 6 அங்குலம் உயர்த்தினோம், மோட்டார் சைக்கிள் ஏறாமல் இருக்க. முனைகளில் சரிவும் வைத்தோம். நல்லாக இருக்கிறது என்று நின்று ரசித்துக்கொண்டிருந்தபோது, சந்தியில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறவர் தன் மூன்று சில்லு வண்டியைக் கையால் உருட்டிக்கொண்டு வந்து ஏறப் பார்த்தார். பாதியில் பின்னுக்கு உருண்டது. கோபிக்கவில்லை. "ஒரு அங்குலம் உசத்தினா ஒரு அடி நீளம் விடோணும் தங்கச்சி. ஆறு அங்குலத்துக்கு ஆறடி. நீங்க மூண்டடிதான் விட்டிருக்கீங்க" என்றார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அடுத்த ஞாயிறு நான்கு சரிவையும் உடைத்துத் திரும்ப வார்த்தோம். அவர் ஏறிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மேசன் அண்ணன் கரண்டியைக் கழுவினார்.

காலையில் கடவையில் நிற்கிற போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கும், மாணவத் தலைவர்களுக்கும், மதிய வெயிலில் தண்ணீர்ப் பந்தல்போல மோர் கரைத்துத் தந்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும், சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் காசு அனுப்பிய பழைய மாணவர்களுக்கும் நன்றி. கணக்கு முழுதும் பாடசாலை அறிவித்தல் பலகையில் இருக்கிறது, ஒரு சதமும் மறைக்கவில்லை, காக்காவின் பையைத் தவிர.

வேலை முடியவில்லை என்பதும் தெரிந்ததுதான். பிரதான வீதியில் கீறிய கடவை இப்போதே மங்குகிறது. நடைபாதை இல்லாத மிச்சத் தூரத்தில் பிள்ளைகளை வலப்பக்கமாக, எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் வருவதை ஆராலும் பார்க்க ஏலாது. கல்லடியில் 2013 இல் புதுப்பாலம் வந்தபோது 1924 இல் கட்டிய பழைய பாலம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்குமாக மிஞ்சியது. நடக்கிறவனுக்கென்று ஒரு முழுப் பாலம் வைத்திருக்கிற ஊர்ப் பக்கம் நாங்கள், 5 அடிக்கு இவ்வளவு பாடு. வெள்ளை நிறக் கார் ஒன்று வெள்ளிக்கிழமைகளில் நடைபாதைமேல் ஒரு பக்கச் சில்லை ஏற்றி நிற்கிறது. ஆள் யாரென்று இதுவும் ஊருக்குத் தெரியும்.

லயிட் போஸ்ட்டடியில் ஒரு மூடி இன்னும் இல்லை, போஸ்டை நகர்த்தினால்தான் போடலாம். சிவப்புத் துணி கட்டிய தடி ஒன்று நட்டிருக்கிறோம், தயவுசெய்து யாரும் பிடுங்கவேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் எல்லா மூடியையும் ஒருதரம் தூக்கிக் கானைத் துப்பரவாக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு மூடியிலும் இரண்டு துவாரம் விட்டார்கள். தூக்குகிற கொக்கி இரண்டும் எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன. புரட்டாதிக் கடைசி ஞாயிறு, காலை 6 மணி. மண்வெட்டி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். என் மகனின் சப்பாத்து கிடைத்தால் காட்டுங்கள், அளவு இனிக் காணாது, ஆனாலும் அவன் பார்க்கவேண்டுமாம்.

நன்றியுடன்,
கணக்குப் புத்தகம் வைத்திருப்பவள்,
பெற்றோர் குழு, ஆரையம்பதி