ஊருக்குள் வந்தால் மந்திரம் குறையும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் நீ நடத்தப்போகிறாயே, அதில் மந்திர சக்தி இடத்துக்கு இடம் மாறலாமா? தாராளமாக மாறட்டும். ஆனால் சக்தி ஊறும் இடங்களை வரைபடத்தில் குறிக்கும் முன், அவற்றை விட்டு மந்திரவாதி ஏன் வெளியே வர வேண்டும் என்பதை யோசி. ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நாங்கள் இப்போது ஆடுவது ஆர்ஸ் மாஜிகா, மந்திரவாதிகளைப் பற்றிய அப்படியொரு ஆட்டம். 1987-இல் முதலில் வந்தது, எங்களிடம் இருப்பது ஐந்தாம் பதிப்பு. களம் 1220-ஆம் ஆண்டு ஐரோப்பா. இடங்களின் சக்தியை 'ஆரா' என்கிறார்கள், 1 முதல் 10 வரை. மந்திர ஆரா 3 உள்ள காட்டில் மந்திரம் போட்டால் பகடையில் விழுந்ததோடு 3 கூடும், ஆய்வுக்கூட வேலைக்கும் அப்படியே. மக்கள் கும்பிட்டு வாழும் ஊர்களில் இருப்பதோ தெய்வீக ஆரா. அது 3 என்றால் மும்மடங்காக 9 குறையும். அதே ஆள், அதே மந்திரம், 12 வித்தியாசம்!

அதனால் மந்திரவாதிகள் ஊரை விட்டு விலகிக் காட்டிலும் மலையிலும் குடியிருக்கிறார்கள். ஆனால் புத்தகம், கண்ணாடிக் குடுவை, தானியம், சேதி எல்லாம் ஊரில்தானே கிடைக்கும்? போன வாரம் சந்தையில் எங்கள் மந்திரவாதி தடுமாறி நின்றபோது, ஈட்டி பிடித்த சாதாரணக் காவலாள்தான் எல்லாரையும் மீட்டான். அவனை ஆடியவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

கர்ப்ஸ் (GURPS) என்ற இன்னொரு ஆட்டத்தின் விதிகளில் இது இன்னும் எளிது. மானா, அதாவது இடத்தின் மந்திர சக்தி, குறைந்த இடத்தில் மந்திரத் திறனிலிருந்து 5 கழியும், மிகுந்த இடத்தில் கற்றிருந்தால் யார் வேண்டுமானாலும் மந்திரம் போடலாம். அப்புறம், 1991-இல் வந்த டார்க் சன் என்ற ஆட்ட உலகையும் பார். அங்கே செடிகொடிகளின் உயிரை உறிஞ்சித்தான் மந்திரம் போடுகிறார்கள், பேராசைக்காரன் நின்ற நிலம் சாம்பலாகிவிடும். சக்தி தீர்ந்துபோகும் என்ற பயம் உன் ஆட்டத்திலும் இருந்தால் நன்றாயிருக்கும்.

ஆற்றங்கரையில் கோட்டை வைப்பதாக எழுதியிருந்தாயே, பக்கத்து ஊர் அங்கிருந்து எத்தனை நாள் நடை? அதைச் சொல், ஆராவை எவ்வளவு வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்