அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படி

பொள்ளாச்சி

அன்புள்ள குமார்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று என் மேல் கோபமாக இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்ளலாம், இப்போது அவசரம்.

நான் டீசல் எஞ்சின் உள்ள கியா கேரன்ஸ் கார் எடுத்த சேதி நம் நண்பன் மொட்டை வழியாக உனக்கு வந்ததாம். நீயும் அதே வண்டிக்கு, அதே டீசலுக்கு, அடுத்த வாரம் அட்வான்ஸ் கட்டப்போகிறாயாம். அவன்தான் நேற்று போனில் சொன்னான். தயவுசெய்து கட்டாதே. நான் ஏன் எடுத்தேன், நீ ஏன் எடுக்கக்கூடாது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

எனக்கு வால்பாறைச் சாலைதான் காரணம். ஓய்வு பெற்ற பிறகும் மாமனார் எஸ்டேட் பக்கத்தை விட்டு இறங்கமாட்டேன் என்கிறார். அத்தைக்கோ கோவையில்தான் வைத்தியம். அவர்களை அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் என் வேலை. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 3,500 அடி உயரம். பழைய பெட்ரோல் வண்டியில் ஆட்களும் மூட்டைகளுமாக ஏறினால், ஒவ்வொரு வளைவுக்கும் ஏசியை அணைக்க வேண்டும். முதல் கியரில் எஞ்சின் அலறும். பின்னால் வருகிற அரசுப் பேருந்து ஹாரனிலிருந்து கையை எடுக்காது.

இந்த வண்டி வேறு மாதிரி. பெட்ரோல், டீசல் இரண்டுமே 1.5 லிட்டர் எஞ்சின்கள், இரண்டுக்கும் குதிரைத் திறன் 115 சுமார். தாளில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். டார்க்கை, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற இழுவிசையைப் பார். சாதாரணப் பெட்ரோலுக்கு 144 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 4,500 சுற்றுக்குப் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். டீசலுக்கு 250, அது 1,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. போன தடவை ஒன்பதாவது வளைவில், வரையாடு நிற்கிற அந்த வியூ பாயிண்ட் பக்கம், வண்டி நிறைய ஆட்கள், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கியரிலேயே திரும்பி ஏறியது. பின் சீட்டில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்! ஒன்று மட்டும் பழக வேண்டும்: சுற்று 1,500-க்குக் கீழே விழுந்துவிட்டால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ ஒரு நொடி முழிக்காது. வளைவு இறுக்கமாக இருந்தால் முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடு.

டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சினிலும் அந்த டார்க் உண்டே என்பாய். உண்டு. ஆனால் பாரத்தோடு மலை ஏறும்போது அது குடிக்கிற பெட்ரோலை நினைத்தால் எனக்கு ஆகாது. காற்றைப் பதினைந்து பதினாறு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிற எஞ்சின் ஏன் சிக்கனம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். நம் வாத்தியார் கார்னோ சார் சாக்பீஸை உடைத்து உடைத்துக் கத்தியது உன்னைப் பார்த்துத்தான். 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய அந்த யோசனை இன்றும் நிற்கிறது பார், அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். நீ எங்கே ஓட்டுகிறாய்? வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து ஆபீஸ், திரும்ப வீடு. நெரிசலில் ஊர்ந்து போகிற தூரம். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் தாண்டுமா? பென்சிலை எடு. டீசலுக்கு ஷோரூமில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கூடுதல். இப்போது லிட்டருக்கு எட்டு ரூபாய் சுமார்தான் வித்தியாசம். 2012-இல் முப்பது ரூபாய்க்கு மேல் இருந்ததே, அந்தக் காலம் போய்விட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததோடு அந்த லாபமும் முடிந்தது. லிட்டருக்குப் பெட்ரோல் 12 கிலோமீட்டர், டீசல் 17 கொடுக்கும் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்தான் மிச்சம். போட்ட பணம் திரும்ப 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். எனக்கு அது இரண்டரை வருஷத்தில் ஓடிவிடும். உனக்கு எட்டு வருஷத்துக்கு மேல்.

பணமாவது பரவாயில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. கரித்துகளைப் பிடித்து வைத்து, பிறகு 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர வண்டி நெடுஞ்சாலையில் கால்மணி, இருபது நிமிஷம் ஒரே சீராக ஓட வேண்டும். எனக்கு உடுமலை ரோடு இருக்கிறது. உனக்கு வேளச்சேரி சிக்னல்தான் இருக்கிறது. எரிக்க ஆரம்பித்து, பாதியில் நீ பள்ளிக்கூட வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவாய். தினமும் இப்படி நடந்தால், எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் மெல்ல எஞ்சின் ஆயிலில் கலக்கும். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு டவுன் வண்டியின் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்கருகில் நீட்டினார். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, டீசல் வாடை அப்படியே அடித்தது. "வண்டியில குறை ஒண்ணும் இல்லீங்க, ஓட்டுற ரோடுதான் குறை" என்றார்.

உனக்கு எத்தனால் பயம் என்றும் மொட்டை சொன்னான். நியாயம்தான். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் அதுதான், அதில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கத்தான் செய்யும். நம் பம்புகளில் பழையபடி வேறு தேர்வு வைக்காததில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் புதிய வண்டிகளை அதற்கேற்றபடிதான் செய்கிறார்கள். உன் ஓட்டத்துக்கு அந்த நஷ்டம் சின்னது.

இன்னொன்று, இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே அறிவித்தது. கார்பன் டை ஆக்ஸைடு குறைவு என்று சொல்லி ஐரோப்பாவே டீசலுக்கு மாறியது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி மாட்டியபோது, சோதனையில் மட்டும் சுத்தமாக நடிக்கும் மென்பொருள் 1.1 கோடி வண்டிகளில் இருந்தது வெளியே வந்தது. 2019-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரமே பழைய டீசல் கார்களைத் தடுத்துவிட்டது. அங்கே இருந்த நம் பாலு தன் டீசல் காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டது நினைவிருக்கும். வடிகட்டி வேலை செய்தால் புதிய டீசல் அந்தப் பழையவற்றைப் போல இல்லை. அடைத்துக்கொண்டது என்று எவனாவது பேச்சைக் கேட்டு அதைக் கழற்றிப் போட்டால்? ஆஸ்துமாவுள்ள சின்னவன் தினமும் அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான் இறங்குகிறான், குமார். அந்தப் புகையில் உன் வண்டியும் சேர வேண்டாம்.

ஆகவே சாதாரணப் பெட்ரோல் வண்டியை எடு. நீளமான பயணம் என்றால் நம் வண்டியில் போவோம், பொங்கலுக்கு எல்லாரும் வால்பாறை வாருங்கள். ஓட்டுவது நான்தான். உன் கையில் சாவியைக் கொடுத்தால் காந்திபுரம் சிக்னல் கதை மறுபடி நடக்கும், தங்கச்சிக்கே தெரியும்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் பழைய வண்டியின் ஓடோமீட்டரைப் பார்த்து எனக்கு எழுது. எண் நான் நினைத்ததைவிட மிக அதிகமாக இருந்தால் மறுபடி பேசுவோம். பாலு மகள் கல்யாணப் பத்திரிகை உனக்கு வந்ததா? எனக்கு இன்னும் வரவில்லை.

அன்புடன்,
முருகேசன்