நடவுக்கு முன்னால் கண்மாயை அளந்து பாருங்கள்

மதுரை, சிவகங்கை மாவட்டக் கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவர்களுக்கும், மடைப் பொறுப்பாளர்களுக்கும், கண்மாய் பாயும் ஆயக்கட்டு நிலத்தின் விவசாயிகள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஊர்க்கூட்டம் போட்டு ஒரே ஒரு முடிவை எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை. கார்த்திகை மூன்றாம் வாரத்தில் கண்மாயில் நிற்கும் தண்ணீரை அளந்து, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று கணக்குப் போட்ட பிறகே நடவுப் பரப்பைத் தீர்மானியுங்கள். இப்போது பல ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கரையில் நின்று பார்த்து, "பாதிக் கண்மாய் கிடக்கு" என்று பாதி ஆயக்கட்டில் நட்டுவிடுகிறார்கள். தை பிறந்ததும், கதிர் வரும் நேரத்தில் மடையில் தண்ணீர் நின்றுவிடுகிறது.

பாதி உயரம் என்பது பாதித் தண்ணீர் அல்ல. கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதி, கரையிலிருந்து நீர்வரத்துப் பக்கம் சரிந்து மேலேறிப் போவதால், மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பும் சுருங்கும். முழு ஆழத்தில் பாதி நின்றால் கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கும். சில கண்மாய்களில் அதற்கும் குறைவு.

20 மில்லியன் கன அடி கொள்ளளவும் 120 ஏக்கர் ஆயக்கட்டும் உள்ள ஒரு கண்மாயை வைத்துப் பார்ப்போம். பாதி மட்டத்தில் அதில் இருப்பது சுமார் 5 மில்லியன் கன அடி. வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஆவியாகப் போகிறது. அறுவடை வரை அப்படிப் போவதையும், ஆடுமாடுகளுக்கு விட்டுவைக்க வேண்டியதையும் கழித்தால் கைக்கு வருவது மூன்றரை. 1 ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு கசிந்து போகும் என்று வைத்தால், 1 மில்லியன் கன அடி கிட்டத்தட்ட 100 ஏக்கரை ஒரு முறை நனைக்கும். அப்படியானால் கையில் இருப்பது 350 ஏக்கர் நனைப்பு. நடவு நெல்லுக்குச் சேற்றுழவு முதல் கதிர் முற்றும் வரை, இடையில் கொஞ்சம் மழை கிடைத்தாலும், 14 நனைப்பு தேவை. 350-ஐ 14-ஆல் வகுத்தால் 25 ஏக்கர். பாதிக் கண்மாய் என்று நம்பி 60 ஏக்கர் நட்டால் யாருக்கும் முழு விளைச்சல் கிடைக்காது. அதே தண்ணீரில் உளுந்தோ எள்ளோ போட்டால் 4 நனைப்பு போதும், 80 ஏக்கருக்கு மேல் கரை சேரும்.

உங்கள் கண்மாய்க்கு இந்தக் கணக்கைப் போட, எந்த அடிக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற அட்டவணை வேண்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திலும் கேளுங்கள். பழைய அட்டவணையில் வண்டல் படிந்த கணக்கு இருக்காது, ஆகவே கொஞ்சம் குறைத்தே போடுங்கள். மடைச் சுவரில் அடியும் அங்குலமும் குறித்த ஓர் அளவுகோலைப் பெயிண்டில் வரையுங்கள். பூஜ்யம் மடையின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும், மண் தரையில் அல்ல.

புழுதியில் விதைத்த வயல்களில் பயிர் ஏற்கெனவே நிற்கும். அங்கே பரப்பைக் குறைக்க முடியாது, நனைப்பைத்தான் பங்கு போட வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சினால் பயிருக்குக் கேடில்லை. 1 அடி நீளப் பிளாஸ்டிக் குழாயில் சுற்றிலும் துளையிட்டு, பாதியை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் வயல் மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கும்போது அடுத்த நனைப்பு கொடுத்தால் போதும். ஆனால் பொதி கட்டுவதிலிருந்து (கதிர் தண்டுக்குள் உருவாகிப் புடைப்பதிலிருந்து) பூத்து முடியும் வரை ஒரு நாளும் காயவிடக் கூடாது. மிச்சம் பிடித்த தண்ணீர் அந்த நாட்களுக்குத்தான். முறை வைக்கும்போது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் போகும் வழியெல்லாம் கசிந்து, மடைக்குப் பக்கத்தில் இருக்கும் தலைமடை வயல்களுக்குப் பாதி ஈரம் தானாகவே கிடைத்துவிடும். தலைமடையில் தொடங்கினால் கடைசி ஆளுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

மடையின் ஷட்டர் ஒழுகுகிறதா என்று இப்போதே பாருங்கள், கண்மாய் நிறைந்த பிறகு பழுது பார்க்க வழியில்லை. மழை தொடங்கியபின் ஒழுகினால், மூடிய மடையின் வெளிவாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் ஒழுக்கு விநாடிக்கு 1 லிட்டர். 60 நாளில் அது 50 லட்சம் லிட்டரைத் தாண்டும், ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகம் முழுக்கத் தேவையான தண்ணீர். வைக்கோலும் சாக்கும் திணித்து வைப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது. ரப்பர் பட்டையை மாற்றி, திருகுத் தண்டுக்குக் கிரீஸ் போடும் செலவு அந்த ஓர் ஏக்கர் விளைச்சலுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆயக்கட்டுக்குள் இருக்கும் கிணறுகளையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். இதைச் சொன்னால் கிணற்றுக்காரர்களுக்குக் கோபம் வரும் என்பது தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. கண்மாயில் தண்ணீர் நிற்கும் வரைதான் அந்தக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். மோட்டார் வைத்திருப்பவர் மடைத் தண்ணீரில் முழுப் பங்கும் வாங்கி, கண்மாய் கசிவில் ஊறியதையும் இறைத்தால், அவருக்கு இரண்டு பங்கு போகிறது. மின்சாரம் இலவசம் என்பதால் இறைப்பதற்குத் தடையும் இல்லை. முதல் நனைப்புகளில் எல்லோருக்கும் சமபங்கு, கடைசி மூன்று நனைப்பைக் கிணற்றுக்காரர்கள் தங்கள் கிணற்றிலிருந்தே பார்த்துக்கொள்வது, கிணறில்லாத பக்கத்து வயலுக்கு மணிக்கு இவ்வளவு என்று கூட்டம் வைத்த விலையில் தண்ணீர் விடுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்வாயில் நேரடியாக மோட்டார் இறக்குவதற்கு எந்த விலையிலும் இடம் கொடுக்காதீர்கள்.

மீன் பாசிக் குத்தகைக்கும் இதே கவனம் தேவை. மீன் பிடிக்க வசதியாக மாசி, பங்குனியில் இரவோடு இரவாக மடையைத் திறந்துவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. மடைச் சாவி, வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சியிடம் மட்டுமே இருக்கும், மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரை இறைக்கக் கூடாது, மீறினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்ற மூன்றையும் ஏலத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் சேருங்கள்.

வண்டல் எடுக்கும்போது கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். களிமண் படுகை தாண்டி மணல் தட்டும் வரை தோண்டினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும்.

நீர்பாய்ச்சிக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். எந்த வயலிலும் தனக்கு ஆதாயம் இல்லாதவர்தான் எல்லா வயலுக்கும் ஒரே மாதிரி மண்வெட்டி பிடிப்பார். அவருக்குரிய நெல்லையோ பணத்தையோ அறுப்புக் களத்தில் பேரம் பேசிக் குறைக்காமல், ஏக்கருக்கு இவ்வளவு என்று நடவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். முறை மீறி வாய்க்காலை வெட்டியவருக்கு முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை ஒரு நனைப்பு வெட்டு, அதற்கு மேல் அபராதம். சங்கத் தலைவரின் வயலுக்கும் இதுதான்.

வாரம் ஒரு முறை மட்டத்தையும், பாய்ந்த ஏக்கரையும், மிச்சமிருக்கும் நனைப்பையும் மடைச் சுவரிலேயே சுண்ணாம்பால் எழுதிப் போடுங்கள். முதல் கூட்டத்தைப் புரட்டாசி முடிவதற்குள் வையுங்கள், கடைமடைக்காரர்களும் பெயரில் பட்டா இல்லாமல் உழும் பெண்களும் வர வசதியான நேரமாகப் பார்த்து.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசனத்தில் பொறியியல், வேளாண்மைப் பணி செய்வோர்