இரண்டரை சென்டிமீட்டர் எலும்பு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி, அப்புறம் பேரன் காதுகுத்து என்று பதில் தள்ளிக்கொண்டே போய்விட்டது, திட்டாதே. ஊர் வீட்டை விற்றுவிட்டதாக எழுதியிருந்தாய். அந்தத் திண்ணையில் எத்தனை ராத்திரி பரீட்சைக்குப் படித்திருப்போம்!

இப்போதெல்லாம் தூக்கம் வராத ராத்திரிகளில் டெனிசோவா குகையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெற்கு சைபீரியாவில், அல்தாய் மலையில் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு சுண்டுவிரல் எலும்பை வைத்து, டெனிசோவன் என்று ஒரு மனித இனம் இருந்ததையே 2010இல்தான் கண்டுபிடித்தார்கள். குரங்கு மெல்ல மெல்ல நிமிர்ந்து மனிதனாகும் வரிசைப் படத்தை மாட்டி முப்பது வருசம் பாடம் நடத்தியவன் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது வேறொரு எலும்பு. அந்தக் குகையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மிருகங்கள் கடித்து நொறுக்கிய துணுக்குகள். எந்த மிருகத்துடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆக்ஸ்போர்டில் சமந்தா பிரவுன் என்ற மாணவி அப்படிப்பட்ட துணுக்குகளில் 2,000க்கும் மேல் எடுத்து, ஒவ்வொன்றிலும் துளி வெட்டி, கொலாஜன் புரதத்தைச் சோதித்தார். கொலாஜனை என்சைம் விட்டு நறுக்கினால் வரும் துண்டுகளின் எடை மாட்டுக்கு ஒரு மாதிரி, குதிரைக்கு ஒரு மாதிரி, மனிதனுக்கு வேறு மாதிரி. அத்தனையிலும் மனிதக் கணக்கில் சேர்ந்தது ஒன்றே ஒன்று. நீளம் இரண்டரை சென்டிமீட்டர்.

கார்பன் சோதனை 50,000 வருசத்துக்கு மேல் என்று மட்டும் சொன்னது. அதற்கப்பால் எண்ணுவதற்குக் கார்பன்-14 மிஞ்சாது. அடுத்து ஜெர்மனியில், லைப்சிக்கில், டிஎன்ஏ எடுத்தார்கள். தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நியாண்டர்தாலுடையது, அதாவது அழிந்துபோன இன்னொரு மனித இனத்துடையது. சரி, நியாண்டர்தால்தான் என்று விட்டிருக்கலாம். ஆனால் அங்கே ஆராய்ச்சி செய்த விவியன் ஸ்லோன், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவையும் படித்தார். பாதி நியாண்டர்தால், பாதி டெனிசோவன்! ஏதோ கலந்துவிட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்? திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தும் அதே விடை. 2018இல் வெளியிட்டார்கள்: தாய் நியாண்டர்தால், தகப்பன் டெனிசோவன், பிள்ளை பெண். எலும்பின் கனத்தைப் பார்த்து வயது 13க்குக் குறையாது என்கிறார்கள். வாழ்ந்தது சுமார் 90,000 வருசத்துக்கு முன்பு. தெரு விட்டுத் தெரு பெண் எடுத்தாலே பஞ்சாயத்து கூட்டும் நம்மூர்ப் பெரிசுகளுக்கு இதை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

குகைக்குள் அவ்வளவு குளிர், அதனால்தான் டிஎன்ஏ தங்கியது. நம் வெயிலுக்கு அது தாங்காது. சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் வருசப் பழைய கல் கைக்கோடரி கிடைத்திருக்கிறது, அதைச் செதுக்கியவர்களின் எலும்பு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வெறும் கிழிசல் காகிதம்தான், எடைக்குப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, கொஞ்சம் பொறு. முழங்கால் ஒத்துழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடலாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்