கொள்ளையர் என்ற பட்டம் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மத்தியதரைக் கடல் வணிகக் கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் ரோமுக்கு முன்பே இத்தாலியில் செழித்திருந்த எட்ரூஸ்கர்களைக் 'கடற்கொள்ளையர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள், கடலில் அவர்களோடு போட்டியிட்ட கிரேக்கர்கள். எட்ரூஸ்கர்கள் எழுதிய வரலாறு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. ஒரு தரப்பின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

அலாலியா போரையே எடுத்துக்கொள்வோம். எட்ரூஸ்கர்களின் ஒயின் சாடிகள் போய் இறங்கிய தென் பிரான்ஸ் கரையில், கி.மு. 600 வாக்கிலேயே ஃபோகேயக் கிரேக்கர்கள் (இன்றைய துருக்கிக் கரையிலிருந்த ஃபோகேயா நகரத்தார்) இன்றைய மார்செய் நகரை நிறுவிவிட்டார்கள். பின்னர் பாரசீகருக்குத் தப்பி கார்சிகா தீவின் அலாலியாவில் வந்து குவிந்தவர்களும் அதே ஃபோகேயர்கள்தான். வந்தவர்கள் ஐந்து ஆண்டுகள் அக்கம்பக்கத்தாரைக் கொள்ளையடித்தார்கள். இதைச் சொல்பவர் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அவரே கிரேக்கர். அதனால்தான் கி.மு. 540 வாக்கில் எட்ரூஸ்கர்களும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜியர்களும் ஆளுக்கு 60 கப்பல்களோடு கிளம்பினார்கள். கிரேக்கர்களிடம் இருந்தவை 60. ஜெயித்தது கிரேக்கர் என்று பெயர். ஆனால் அவர்களுடைய 40 கப்பல்கள் அழிந்தன. மிஞ்சிய இருபதிலும் எதிரிக் கப்பலை முட்டும் முனை வளைந்து, போருக்கு உதவாமல் போயின. பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் தென் இத்தாலிக்குப் போக வேண்டியதாயிற்று.

எட்ரூஸ்கர்கள் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. அந்தப் போரில் பிடிபட்ட கிரேக்கர்களை எட்ரூஸ்கர்களின் கேரே நகரத்தார் கல்லால் அடித்தே கொன்றார்கள். அப்புறம் அந்த இடத்தைக் கடந்த மனிதரும் ஆடுமாடும் முடங்கிப்போக, டெல்ஃபிக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள், ஹெரோடோட்டஸ் சொல்கிறபடி. டெல்ஃபி கிரேக்கர்களின் கோயில் அல்லவா! அங்கே கேரே நகரத்துக்குச் சொந்தமாக ஒரு காணிக்கை மண்டபமே இருந்தது. கொள்ளையில் இறங்காததால் அந்நகரம் கிரேக்கரிடமே நல்ல பெயர் எடுத்தது என்கிறார் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. இன்னொரு எட்ரூஸ்கர் நகரமான தார்குவினியாவின் துறைமுகமான கிராவிஸ்காவில் ஒரு கல் நங்கூரம் கிடைத்திருக்கிறது. ஏஜினா தீவின் அப்பல்லோவுக்கு சொஸ்ட்ராட்டஸ் என்பவர் செய்துவைத்த காணிக்கை என்று அதில் கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது. எட்ரூஸ்கர் மண்ணில், அவர்கள் துறைமுகத்திலேயே, கிரேக்க வணிகர் தம் சாமியைக் கும்பிட்டிருக்கிறார்.

கி.மு. 474-இல் இத்தாலியின் மேற்குக் கரையில் நடந்த கூமே போரில், சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சைரக்யூஸின் மன்னர் ஹீரோன் எட்ரூஸ்கர் கடற்படையை முறியடித்தார். அதில் கைப்பற்றி ஒலிம்பியாவில் ஜீயஸுக்குப் படைத்த தலைக்கவசத்தின் படத்தைக் கட்டுரையோடு பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். வென்றவரின் காணிக்கை அது. அடுத்து இதைப் பற்றி எழுதும்போது கிராவிஸ்கா நங்கூரத்தின் படத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி