ஆண்டறிக்கை 2024–25: காடி வெட்டும் பிளேடுகள் பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தச்சுத் தொழில் செய்யும் அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

சந்தா வரவு, நல வாரிய அட்டைப் புதுப்பிப்பு, ஆயுத பூஜைச் செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சித்திரைத் திருவிழா முடிந்ததிலிருந்து குழு அதிகம் விவாதித்தது, டேபிள் ரம்பத்தில் காடி (பலகையில் எடுக்கும் நீளப் பள்ளம்) வெட்ட எந்த பிளேடைப் பூட்டலாம் என்பதைத்தான்.

அவனியாபுரம் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர், அலமாரித் தட்டுக்கு அகலக் காடி எடுக்கச் சாதாரண பிளேடுகளை அடுக்கிப் பூட்டி ஓட்டினார். கார்பைடு பல் ஒன்று தெறித்துப் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது. இப்போது நலமாக வேலைக்கு வருகிறார்.

சாதாரண பிளேடில் பல், தகட்டைவிட அகலமானது. அடுக்கினால் பல்லோடு பல் மோதும். கார்பைடு கடினமானது, ஆனால் எளிதில் உடையும். காடிக்கென்றே வரும் செட்டில் வெளிப்புறம் இரண்டு பிளேடுகளும் நடுவில் சில வெட்டுத் தகடுகளும் இருக்கும். நடுத்தகட்டின் பற்கள் பக்கத்து பிளேடின் பல் இடைவெளியில் அமரும்படி பூட்ட வேண்டும். அகலத்தை, இடையில் வைக்கும் மெல்லிய வளையத் தகடுகளான ஷிம்களால் சரிசெய்யலாம். 10 அங்குல ரம்பத்துக்கு 8 அங்குல செட் போதும். ஆட்டம் கொடுத்து அகலப்படுத்தும் ஒற்றை பிளேடைக் குழு பரிந்துரைக்கவில்லை. அதில் காடியின் அடிப்பகுதி சமமாக வராது.

நம் பட்டறைகளில் பாதி மேசைகள் வெல்டிங் கடையில் செய்தவை. ஆகவே வேகத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று, அதில் 6 அங்குல புல்லி, பிளேடு பூட்டும் ஷாஃப்டில் 3 அங்குல புல்லி என்றால் பிளேடு 5,760 சுற்று ஓடும். பிளேடில் பொறித்த உச்ச வேகம் இதற்குக் குறைவாக இருந்தால் புல்லியை மாற்றுங்கள், அல்லது அந்த பிளேடைத் தொடாதீர்கள்.

இன்னொன்று ஷாஃப்டின் நீளம். செட் பூட்டிய பிறகு நட்டின் மரை முழுவதும் ஏறவில்லையா? அந்த மேசையில் செட் வேண்டாம். சாதாரண பிளேடு ஒன்றை மட்டும் வைத்து, பக்கத் தடுப்பைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல தடவை ஓட்டுங்கள். நேரம் கூடும்தான். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக விரலைப் பணயம் வைக்க முடியாது.

காடி வெட்டும்போது வழக்கமான மேல் மூடியும், பிளேடைவிட உயர்ந்து நிற்கும் பின்தகடும் இருக்க இயலாது. அதனால் தள்ளுகட்டையும் பக்க அழுத்தக் கட்டையும் கட்டாயம். ஆழமான காடியை இரண்டு மூன்று வெட்டில் எடுங்கள்.

சங்கத்தின் சார்பில் ஒரு செட் வாங்கி, ஷாஃப்டைச் சரிபார்த்த உறுப்பினர்களுக்கு மட்டும் இரவல் தரக் குழு தீர்மானித்துள்ளது. அதற்கான செலவை இந்தப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர், மதுரை