ஜவுளிக்கடைப் பெண்களை உட்கார விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டாள். நாங்கள் நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றே கால் மணி நேரம் பார்த்தோம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு 19, 20 வயதுதான் இருக்கும். முப்பது புடவைக்கு மேல் பிரித்துக் காட்டினாள். ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவர்கள் பில் போடப் போனார்கள். குவிந்து கிடந்ததை அவள் மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே இடது பாதத்தைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. 24 வருஷம் நானும் அப்படித் தேய்த்தவள்தான். "கொஞ்சம் உட்கார்ந்து மடிம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். அப்புறம் "பரவால்லக்கா, பழகிருச்சு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

1998-ல் 18 வயதில் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். முதலில் வெளியூரில், கடை விடுதியில் தங்கி ஆறு வருஷம். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே வேறு கடை. 2022-ல் கால் முடியாமல் வேலையை விட்டுவிட்டேன். இரண்டு காலிலும் நரம்பு சுருட்டல். முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் புடைத்துக் கிடக்கும். இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன், உட்கார்ந்துகொண்டு.

காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பதரை. கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரியும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். அந்த அரை மணி நேரம்தான் உட்காரும் நேரம். மற்றபடி கூட்டம் இருந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். தூணில் சாய்ந்தால் மைக்கில் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேர் சொல்ல மாட்டார்கள், நம்பர்தான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் இரவு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அதன் வார் பாதத்தில் அப்படியே பதிந்திருக்கும். என் மகன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை நின்றேன்.

உட்கார நாங்கள் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன். ராக்கில் கீழ்த் தட்டை அடுக்குகிற சாக்கில் குத்த வைத்து உட்காருவோம். ஒருத்தி அடுக்கினால் இன்னொருத்தி சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்ப்பாள். சுடிதார் செக்ஷனில் ட்ரையல் ரூம் உண்டு, அங்கே போய்த் தரையில் இரண்டு நிமிஷம். கழிப்பறை மேல்மாடியில். அதற்குக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், போன நேரமும் வந்த நேரமும் நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டுக்குப் பயந்தே மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, படிக்கிற பெண்களுக்குப் புரியும்.

ஒருமுறை கடையில் ஆலோசனைப் பெட்டி வைத்தார்கள். பேர் எழுத வேண்டாம், மனசில் பட்டதை எழுதிப் போடுங்கள் என்றார்கள். 'ஒரு மாடிக்கு நாலு ஸ்டூல் போட்டால் புண்ணியமாகப் போகும்' என்று எழுதிப் போட்டேன். என் கையெழுத்தை ஸ்டாக் நோட்டோடு வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். திட்டவில்லை. மூன்று வாரம் குடோனில் பண்டல் பிரிக்க அனுப்பினார்கள். ஜன்னல் கிடையாது, ஃபேனும் ஓடாது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் சீட்டு போட்டு நான் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் நூல்மில்லில் வேலை பார்த்தவர், சங்கத்தில் இருந்தவர். அவர்தான் ஒருநாள் சொன்னார், "எங்களுக்கு இது 1948-லேயே இருக்கு." நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள் இடையில் கிடைக்கிற நேரத்தில் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆம் பிரிவு சொன்னது. ஆலைக்குள் நிற்கிற காலும் கடைக்குள் நிற்கிற காலும் ஒரே கால்தானே? கடை ஊழியர்களுக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று தமிழ்நாட்டில் தோன்ற 73 வருஷம் ஆகியிருக்கிறது.

அதுவும் நம்மிடம் தொடங்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பை ஆரம்பித்து, முதலில் கழிப்பறைக்காகவும் அப்புறம் உட்காருவதற்காகவும் கடைப் பெண்களைத் திரட்டினார். திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் மசோதா வந்து நிறைவேறியது. 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் தக்க இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அது. ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது. நகைக்கடை, மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அந்தச் செய்தி உங்களைப் போன்ற பத்திரிகைகளில் வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேப்பரைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தோம். ஒரு பெண் அழுதுவிட்டாள்.

சில மாதம் கழித்து எங்கள் மாடிக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. முதல் வாரம் உட்கார்ந்தோம். இரண்டாவது வாரம், "கஸ்டமர் வர்ற நேரத்துல உட்கார்ந்தா நல்லாவா இருக்கு?" என்று கேட்டார்கள். கஸ்டமர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் ஸ்டூல் மேல் துணிப் பெட்டி ஏறியது. கொஞ்ச நாளில் நான்கு ஸ்டூல் கவுன்டருக்கு அடியில் போனது, இரண்டு வாட்ச்மேன் அறைக்குப் போனது. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் எல்லாம் வெளியே வரும், பளிச்சென்று துடைத்து வைப்போம். அவர் பதினோரு மணிக்கு வருவார். அந்த நேரத்தில் கடை காலியாகத்தான் இருக்கும். எங்களிடம் கேட்பார், பக்கத்திலேயே சூப்பர்வைசர் நிற்பார். "வசதி இருக்குங்க சார்" என்று சொல்வோம். நானும் சொன்னேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஒரு ஸ்டூலுக்கு என்ன பெரிய செலவு? காசு இல்லாமல் யாரும் மறுக்கவில்லை. நான் யோசித்துப் பார்த்ததில், காசு கொடுக்கிறவர் முன்னால் வேலை செய்கிறவர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று நம் மனசுக்குள் கிடக்கிறதே, அதுதான் காரணம். என் அப்பா மிளகாய் மூட்டை தூக்கப் போன வீடுகளில் ஒருநாள்கூடத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. கூலி வாங்குகிற வரை வாசலில்தான் நிற்பார், துண்டு இடுப்பில் இருக்கும். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவருக்கே அந்த நிலைமை. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை நம் ஊரில் எத்தனையோ காலமாக வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். கடையில் சாதி கேட்பதில்லை, ஆனால் பழக்கம் அதே பழக்கம்.

விற்கிறவர் நின்றால்தான் வியாபாரம் நடக்கும் என்பதும் பொய். சின்னப் பிள்ளையாக அப்பா கூட தீபாவளித் துணி எடுக்கப் போன கடை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனால் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். நாங்களும் அதில்தான் உட்காருவோம், கடைக்காரரும் அதில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து துணியை எடுத்து வீசி விரிப்பார். அப்பா எந்த வீட்டிலும் உட்காராத மனுஷன், அங்கே உட்கார்ந்தார். அந்தக் கடை நன்றாகத்தான் ஓடியது. மாடி மாடியாகக் கட்டி ஏ.சி. போட்டு, கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்த பிறகுதான் விற்கிறவர் நிற்பது சட்டம் மாதிரி ஆனது.

தொழிலாளர் துறையிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆய்வுக்குப் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், ஆடியிலும் தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் போங்கள். ஸ்டூலை எண்ணாதீர்கள், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுங்கள். விடுதியில் தங்கியிருக்கிற பிள்ளைகளிடம் விடுதிக்கே போய்க் கேளுங்கள். புகார் சொல்ல ஒரு போன் நம்பரைத் தமிழில் பெரிதாக எழுதி, சாப்பிடுகிற இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். புகார் சொன்ன பிள்ளையின் பேர் கடைக்குப் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, அந்தப் பெண் மட்டும் கேட்கும்படி சொல்லாதீர்கள். நான் அன்றைக்குச் செய்த தப்பு அதுதான். சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள், "அந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க, உட்கார்ந்தே காட்டட்டும், நாங்க பார்த்துக்கிறோம்" என்று. கேட்கிறவர் கஸ்டமர் என்றால் யாரும் குடோனுக்கு அனுப்ப மாட்டார்கள்.

என் பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இல்லை. நான் கடைசியாக வேலை பார்த்த கடையில் இப்போது என் சித்தி மகள் இருக்கிறாள். பட்டுப் பிரிவில், இரண்டாவது மாடி.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ராஜபாளையம்.